மயில் வண்டிக்குப் பல்பு மாட்டப் போனேன்

மூன்று வீடு வைத்திருக்கிற மனிதன் நாலாவதாக என்ன கேட்பான் தெரியுமா? சக்கரம் வைத்த வீடு கேட்பான். சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லுக்காரர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். கரூரில் நான் வேலை பார்த்த பஸ் பாடி கட்டும் பட்டறையில் அதைச் செய்து கொடுத்தோம். சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கட்டில், மூலையில் கேஸ் அடுப்பு, ஜன்னலுக்கு வெல்வெட் திரை. லைட்டு வேலை முழுவதும் என் கை. கூரைக்கு நீல ரெக்ஸின் அடித்து, நட்சத்திரம் மாதிரி பொடிப் பல்பு. கட்டிலுக்கு மேலே பிளாஸ்டிக் திராட்சைக் குலை, பழத்துக்கு ஒரு பல்பு. பின்சுவரில் கண்ணாடி மயில், தோகையில் பல கலர் பல்பு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். தூங்குகிற இடத்துக்கு இத்தனை வெளிச்சம் எதற்கு என்று பட்டறையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சுமதி, பாலு, நீங்கள் அப்போது நாலாவதும் இரண்டாவதும் படித்தீர்கள். மூன்று நாளில் வருகிறேன் என்று போன அப்பா, எட்டு நாள் கழித்துக் கையில் ஒன்றும் வாங்காமல் வந்தாரே, அந்தப் பயணத்தைத்தான் எழுதுகிறேன்.

மில்லுக்காரர் எங்கள் பட்டறை முதலாளிக்குக் கடிதம் போட்டிருந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு நண்பர்களோடு போன இடத்தில் வண்டிக் கூரை எரிந்து லைட்டெல்லாம் செத்துவிட்டதாம். டிரைவர் எதையோ நோண்டித்தான் எரிந்ததாம். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வண்டியை ஏறிப் பார்க்கிறார்களாம். இருண்டு கிடக்கிற வண்டியைக் கீழே இறக்கினால் மானம் போய்விடுமாம். மானத்தைப் பல்பில் வைத்திருக்கிறவருக்காக, ஒரு பை நிறைய பல்போடும், ஒரு சுருள் ரெக்ஸின், ஒயரோடும் நான் திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

அது இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட காலம். ஆத்தூர் தாண்டும்வரை பஸ் ஒழுங்காக வந்தது. சின்னசேலத்துக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. கண்டக்டர், "எறங்குங்க, எறங்குங்க, இனிமே உங்க காலுதான் பஸ்ஸு" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கிப் பீடி பற்ற வைத்தார்.

மரத்தின் மேலேயும் கீழேயும் ஆட்கள். ஒருவர் என் பையை வாங்கிப் பிரித்தார்.

"இன்னாய்யா இது, கோலி குண்டா?"

"பல்புங்க."

"இம்மாங் கலரா? எந்தக் கட்சிக்கு எடுத்துக்கினு போற?"

"கட்சிக்கு இல்லீங்க. ஒரு மயிலுக்குங்க."

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. பை கைமாறிப் போயிற்று. சிவப்பை ஒருவர் தூக்கிக் காட்டினார், "இது அவங்க கலரு." பச்சையை இன்னொருவர் காட்டினார், "இது அவங்களோட கூட்டணி." நம் நாட்டில் கட்சி எடுத்துக்கொள்ளாத கலரில் ஒரு பல்பு செய்ய எந்தக் கம்பெனியாலும் முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மஞ்சள் பல்பு ஆறும் திரும்பி வரவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

"மயிலுக்கு லைட்டு போட ஊரு வுட்டு ஊரு வரான் பாரு," என்றார் வயதான ஒருவர். "நம்ம புள்ளைங்க வேல கேட்டு ரோட்ல குந்திக்கினு கெடக்குது. சரி, துன்னுட்டுப் போ."

ரோட்டிலேயே அடுப்பு மூட்டிப் புளிச்சோறு கிளறியிருந்தார்கள். வெட்டிய மரத்தின் காயையே பறித்துப் போட்டார்களோ என்னவோ, பல் கூசியது. உப்பும் கம்மி. நம் வீட்டுப் புளிச்சோற்றுக்குப் பக்கத்தில் நிற்காது. இரண்டு இலை வாங்கிச் சாப்பிட்டேன்.

நடந்தும், ஒரு மாட்டு வண்டியில் தொற்றியும் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயும் நேரம். அங்கே டீ குடித்தேன். டீ என்று கடைக்காரர் சொன்னதால் டீ என்று எழுதுகிறேன். லாட்ஜ் என்று ஒன்றில் படுத்தேன். அதில் எனக்கு முன்பே குடியிருந்தவை மூட்டைப்பூச்சிகள். வாடகைக்கு வந்தவன் நான்தான் என்பதை விடியும்வரை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் மலைக்குப் போகும் ஜீப்புக்காகக் காத்திருந்தேன். "இதோ கெளம்புது" என்று எட்டு மணிக்குச் சொன்னவர் பதினொன்றரைக்கும் அதையே சொன்னார். கிளம்பியபோது ஆட்கள் பதினாலு, ஆடு ஒன்று, பலாப்பழம் எண்ணவில்லை. டிரைவரின் பாதி உடம்பு வெளியே தொங்கியது. பாதி ஆள் ஓட்டுகிற வண்டியில் முழு ஆட்கள் உட்கார்ந்து போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், மேட்டு வளைவுக்கு வளைவு எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஆடு மட்டும் இறங்கவில்லை.

என் பக்கத்தில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த மலைக்கார அம்மா, "எங்கங்க போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த மயிலு வண்டிக்கா? கட்டிலு, அடுப்பு, சாமி படம் எல்லாம் கீதுன்னாங்க. அம்மாம் பெரிய வூட்டுல ஒருத்தரும் குடியில்லையாமே?"

"டிரைவரு இருக்கறாருங்களே."

"அவரு வண்டிக்கு அடியில இல்ல படுத்துக்கினு கீறாரு."

அது உண்மைதான். வெள்ளிமலை ஊர் முடிகிற இடத்தில் வண்டி நின்றது. அதன் அடியில் சாக்கு விரித்து ஒருவர் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் கோவிந்தன், எலவனாசூர்கோட்டைக்காரர், என் வயது. மெத்தை வைத்த கட்டில் உள்ளே சும்மா கிடக்க, டிரைவர் அதில் படுக்கக் கூடாது என்பது மில்லுக்காரர் உத்தரவு.

அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு வந்தவன் அல்லவா! வந்ததும் வராததுமாக, "ஏனுங்க, தெரியாத வேலையில எதுக்குக் கை வெக்கறீங்க? ஸ்டியரிங் புடிக்கறவரு ஸ்டியரிங்கோட நிக்கோணும்" என்றேன்.

"நான் சுச்சைத் தவிர எதையும் தொடலிங்க மேஸ்திரி."

"தொடாம தானா எரியுமுங்களா? ஒயர் என்ன கற்பூரமா?"

அவர் மொச்சையை உரித்து முடித்துவிட்டுத்தான் தன் கவலையைச் சொன்னார். சர்க்கார் பஸ்ஸுக்கு டிரைவர் வேலை. விழுப்புரத்தில் வெள்ளிக்கிழமை நேரில் வந்து ஓட்டிக் காட்டச் சொல்லி அட்டை வந்திருக்கிறது. வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து வைத்து ஒன்பது வருஷம் கழித்து வந்த அட்டை. ஆனால் லைசென்ஸ் அவர் கையில் இல்லை. டிரைவர் வேலையை விட்டு ஓடிவிடாமல் இருக்க, சேர்கிற அன்றைக்கே லைசென்ஸை வாங்கித் தங்களிடம் வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து முதலாளிகள் வழக்கமாம். வண்டி மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடிப்பது போல.

"போலீஸ் கேட்டா?"

"எம்பேரச் சொல்லுன்னாரு. இத்தினி வருசமா அவரு பேருதாங்க என் லைசென்சு. விழுப்புரத்துல அவரு பேர ஓட்டிக் காட்ட முடியுமா? லைட்டு முன்ன மாதிரி எரிஞ்சாத்தான் தருவேன்னு சொல்லிட்டுப் பூட்டாரு. நீங்க எரிய வச்சாத்தான் உண்டு மேஸ்திரி."

"ரோட்டுல மரம் கெடக்குதே, எப்படிப் போவீங்க?"

"எங்காளுங்கதான் போட்டுக்கினு கீறாங்க. எனக்காகத்தான் மறிக்கிறாங்க. என்னையே மறிச்சா இன்னா பண்றது?" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவர் நோண்டி எரித்ததை நான் சரிசெய்து இவருக்கு வேலை வாங்கித் தர வேண்டுமாக்கும் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். உள்ளே போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும். ரெக்ஸின் வெந்து பிசின் மாதிரி தொங்கியது. திராட்சைக் குலை உருகி ஒரே பழமாகிவிட்டது. மயில் மட்டும் கண்ணாடியானதால் ஒன்றும் ஆகாமல், ஒயர் வெந்த வாலோடு நிமிர்ந்து நின்றது. பெரிய மனிதர் வீட்டு அலங்காரம் ஒரு நாள் எரிந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளிமலைவரை வரத் தேவையில்லை, குப்பைமேட்டைப் பார்த்தால் போதும்.

முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். எட்டு ஃபியூஸ். எட்டும் முழுசாக இருந்தன.

இங்கேதான் எனக்கு இடித்தது. ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே போடுகிற மெல்லிய கம்பி. எங்காவது ஒயர் உரசி மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால், அது முதலில் அறுந்து மற்றதைக் காப்பாற்றும். டிரைவர் சுவிட்சில் நோண்டியிருந்தால் எட்டில் ஒன்றாவது போயிருக்க வேண்டும். கூரையே வெந்த பிறகும் எட்டும் சாகவில்லை என்றால், நெருப்பு வந்த ஒயருக்கு ஃபியூஸே கிடையாது. எந்த மடையன் இப்படிப் போட்டான் என்று வாய்விட்டுத் திட்டினேன். கீழே இருந்து, "என்னையாங்க?" என்று கோவிந்தன் கேட்டார்.

கருகின ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பேட்டரியிலிருந்து நேராகக் கிளம்பி, பக்கச் சுவருக்குள் ஏறி, கூரை லைட்டுகளின் ஒயர்க் கட்டோடு சேர்ந்து ஓடி, முன்பக்கம் முருகன் படத்துக்குப் போயிற்று. படத்தின் தலைக்கு மேலே ஒரு சிவப்புப் பல்பு. இரும்புச் சட்டத்தின் விளிம்பில் ஒயர் உரசி உரசித் தோல் கிழிந்து, அங்கேதான் பற்றியிருக்கிறது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இணைப்பு. கரியைத் துடைத்துப் பார்த்தேன். டேப்பின் மேல் வெள்ளை நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும் என்று நூல் சுற்றுகிறவன் எங்கள் பட்டறையில் ஒருவன்தான். அவன் பெயர் உங்கள் அப்பா.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பட்டறையில் மில்லுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்: "சாமி வெளக்குக்கு சுச்சு வைக்காதே. டிரைவர் பய அணச்சிடுவான். அது அணையவே கூடாது." ஃபியூஸ் போனால் அணையுமே என்றேன். "போவக் கூடாது" என்றார். சாமி விளக்கு வழியில் அணைந்தால் அபசகுனம் என்று அவருக்குப் பயம். அணையக் கூடாது என்றால் ஃபியூஸ் எதற்கு என்று நானும் பேட்டரியில் நேராகக் கொடுத்தேன். முருகன் கேட்டாரா? கேட்கவில்லை. அவர் எத்தனையோ மலையில் எண்ணெய் விளக்கோடு இருந்து பழகியவர்.

படத்தைக் கழற்றினேன். பின்னால் ஒரு சின்ன அறை, பூட்டுப் போட்ட கதவு. கதவு வெந்து வளைந்திருந்ததால் பூட்டைத் தொடாமலே திறந்தது. உள்ளே விபூதிப் பொட்டலம், ஒரு சாவிக்கொத்து, உருகிய பிளாஸ்டிக் பைக்குள் ஒரு சின்னப் புத்தகம். லைசென்ஸ். மில்லுக்காரர் அதைச் சாமியின் பாதத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். என் ஒயர் அதன் மேலேயே போயிருக்கிறது.

வெளியே கோவிந்தன் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் செய்து வைத்துக் கூப்பிட்டார். புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அந்தச் சோற்றை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமை நெல்லுச்சோற்றைவிட உதிரியாக, மெத்தென்று இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் இடது கையால் தொட்டார். ஒரு ஓரம் உதிர்ந்தது.

"நம்பரு தெரியுதுங்களா?" என்றார். அவருக்குக் கண்ணாடி வேண்டும், வாங்கவில்லை.

"தெரியுதுங்க. பேரும் இருக்குது. தேதி இருக்குது."

"மூஞ்சி?"

"நெத்தி போயிருச்சுங்க. மூக்குக்குக் கீழ இருக்குது. மீசை இருக்குது."

"மீச இருந்தாப் போதும்," என்றார். ஆனால் அவர் கை மறுபடி சோற்றுக்குப் போகவில்லை.

எரிந்தது என் ஒயரால்தான் என்று சொன்னேன். நூல் முடிச்சையும் சொன்னேன். 

"நேத்துலருந்து நாக்கப் புடிங்கிக்கிற மாதிரி என்னப் பேசினு இருந்தீங்களே மேஸ்திரி."

"ஆமாங்க."

"ஸ்டியரிங் புடிக்கறவன் ஸ்டியரிங்கோட நிக்கணும்னீங்க. பல்பு மாட்டறவரு இன்னாத்தோட நிக்கணும்?"

 அவரே குழம்பை எடுத்து என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார். அது திட்டைவிட மோசம்.

வியாழக்கிழமை விடிந்ததும், எரிந்த லைசென்ஸை வாழைமட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு ஜீப்பில் அவர் இறங்கிப் போனார். கள்ளக்குறிச்சியில் மைத்துனரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு மிதிப்பதாகத் திட்டம். நான் வேலையை முடித்தேன். புது ஒயர், புது ரெக்ஸின், நட்சத்திரம், மஞ்சள் இல்லாத மயில். சாமி விளக்குக்கு ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச்.

பிற்பகலில் மில்லுக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, சென்ட் வாசனை. உள்ளே ஏறி மயில் ஓடுவதைப் பார்த்ததும் குழந்தை மாதிரி கை தட்டினார். பிறகு முருகனைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, சாமிக்கு சுச்சு வச்சிருக்க?"

"ஃபியூஸும் வெச்சிருக்கறனுங்க."

"எவன் கேட்டான்? எங்க அந்த டிரைவர் பய?" சொல்லிக்கொண்டே படத்தைத் தள்ளி உள்ளே கையை விட்டார். "எவன்டா எடுத்தான்?"

"நான்தானுங்க எடுத்துக் குடுத்தேன். எரிஞ்சது போக மிச்சத்தை."

"அவன் நோண்டி எரிச்சான், அவனுக்கே எடுத்துக் குடுத்தியா?"

"அவரு நோண்டலீங்க. சாமி வெளக்கு ஒயர் உரசி எரிஞ்சது. ஃபியூஸ் வேண்டாம்னு சொன்னது நீங்க. சரின்னு போட்டது நானுங்க."

"சாமி வெளக்குல இருந்து நெருப்பு வந்துச்சுன்னா சொல்ற? வாய அலம்புய்யா!"

நல்ல மனிதர். கூரை எரிந்தது கூட அவருக்குப் பெரிதில்லை, எங்கிருந்து எரிந்தது என்று சொன்னதுதான் பெரிது. தன் ஜீப்பில் என்னை ஏற்ற மாட்டேன் என்றார். வேறு ஜீப் அன்றைக்கு இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கினேன். ஏறும்போது ஜீப்பைத் தள்ளிய வளைவுகளில், இறங்கும்போது எதையும் தள்ள வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றுதான் லாபம். அந்தி நேரத்தில் ஒரு கடுக்காய் லாரி ஏற்றிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை முழுவதும் கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் இல்லை. மூட்டைப்பூச்சிகள் என்னை அடையாளம் கண்டுகொண்டன. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்தபோது கோவிந்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் புழுதி.

"இன்னும் ஊருக்குப் போவலியா மேஸ்திரி?"

"என்னாச்சுங்க?"

"ஏழு எடத்துல மரம். அட்டையக் காட்டினேன். சர்க்கார் வேலைக்குப் போறான்டா, தூக்குங்கடான்னு சைக்கிளோட என்னையும் தூக்கி அந்தாண்ட வச்சானுங்க. ஓட்டிக் காட்டினேன். நல்லா ஓட்டறன்னாங்க. காயிதத்தப் பாத்துட்டுத்தான், இது இன்னாய்யா சுட்ட அப்பளம் மாதிரின்னாங்க. புதுசு வாங்கியாந்தா வேல. பத்து நாளு டைம்."

புதுசு வாங்க வேண்டுமானால், பழசு எப்படிக் கெட்டது என்று எழுத்தில் கேட்பார்கள். மில்லுக்காரர் எழுதித் தர மாட்டார். டிரைவர் தானே கொளுத்தினான் என்று வேண்டுமானால் எழுதித் தருவார். அதனால்தான், பிள்ளைகளே, நேராக ஊருக்கு வர வேண்டிய நான் திங்கட்கிழமை கோவிந்தனோடு விழுப்புரத்தில் இறங்கினேன். அன்றைக்கு ரோடு திறந்துவிட்டிருந்தார்கள்.

லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் ஒரு முழுத்தாள் வாங்கி எழுதினேன். நான் படித்தது எட்டாவது. எழுதினது ஒரு பக்கம், அடித்தல் திருத்தலோடு. உள்ளே கிளார்க் அதை வாங்கிச் சத்தமாகவே படித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"'சாமி விளக்கு அணையக் கூடாது என்று சொன்னதால் ஃபியூஸ் போடவில்லை.' யோவ், இது இன்னாய்யா?"

"நடந்ததுங்க."

"'அந்த ஒயரைப் போட்டவன் நான். டிரைவர் மேல் குற்றம் இல்லை.'" நிமிர்ந்து பார்த்தார். "இத்த யாரு கேட்டா? எரிஞ்சி போச்சுன்னு எழுதினாப் போதும்யா. யாரு மேல குத்தம்னு நாங்க கேக்கல. அந்தக் கடைசி வரிய அடிச்சிடு."

பேனாவை என் பக்கம் தள்ளினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோவிந்தன் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்க வேண்டாமுங்க. இருக்கட்டும்," என்றேன்.

"உம் பேருக்குத்தான்யா கெடுதல்."

"ஆமாங்க."

கிளார்க் தலையில் அடித்துக்கொண்டு, முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, தாளின் அடியில் ஓங்கிக் குத்தினார். அது கடைசி வரியின் மேலேயே விழுந்தது. கோவிந்தன் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முத்திரை வட்டத்துக்குள் இருந்த என் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். எல்லாம் தெரிந்தது.